ஏழு பி-யில் நில நடுக்கம்

நாற்பது பிள்ளைகள் ஒன்றாகக் குதித்தும் ஊசி அசையவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் அறிவியல் ஆசிரியர். "இந்தத் தடவை எல்லாரும் ஒரே நேரத்துல குதிக்கணும். நான் கையைத் தட்டுவேன், அப்பதான்."

ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு அந்த ஆண்டில் இதைவிட இனிப்பான பாடம் வந்ததில்லை. கேட்டதற்கு மேலேயே குதித்தார்கள். பென்சில் டப்பாக்கள் விழுந்தன, ஒரு செருப்பு அறுந்தது, கீழ்த்தளத்திலிருந்து கணக்கு டீச்சர், "மேல என்ன, சுவரை இடிக்கிறீங்களா?" என்று ஆளனுப்பிக் கேட்டார். மேஜை மேலிருந்த கருவி மட்டும், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலக் காகிதத்தில் நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தது.

அது அறிவியல் ஆசிரியர் தானே செய்த நில அதிர்வுமானி. பழைய டேபிள் லாம்பின் இரும்புக் கழுத்தில், மணல் நிரப்பிய பாட்டில் ஒன்று தொங்கும். பாட்டிலின் அடியில் ஒரு பேனா ரீஃபில், அதுதான் ஊசி. அதற்குக் கீழே, கடையில் பில் போடும் காகிதச் சுருள், பொம்மைக் காரின் மோட்டாரால் மெதுவாக நகரும். நிலம் ஆடினால் காகிதம் ஆடும், பாட்டில் ஆடாது, கோடு வளையும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அந்த டேபிள் லாம்புக்கு ஒரு முன்கதை உண்டு. போன மாதம் கிரகணப் பாடத்தில் அதுதான் சூரியன். கால்பந்து பூமி, பிங்பாங் பந்து நிலா. நிலா வந்து குறுக்கே நின்ற நொடியில் லாம்பு 'டப்' என்றது, பள்ளிக்கூடம் முழுக்க ஃப்யூஸ் போனது. அவ்வளவு தத்ரூபமான கிரகணத்தை யாரும் பார்த்ததில்லை என்றுதான் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். தலைமையாசிரியை அப்படிச் சொல்லவில்லை. "நீங்க தற்காலிக நியமனம்தானே, சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்க நடந்து போய்விட்டார்.

ஆமாம், தற்காலிகம்தான். ஆண்டு முடிவதற்குள் தலைமையாசிரியை நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் வீடு. ஆசிரியர் அறையில் இவருக்குப் பெயரே 'தற்காலிகம்' என்று ஆகிவிட்டது. "தற்காலிகம் சார், டீ சாப்பிடுறீங்களா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த அன்போடு சேர்ந்து டீயும் தொண்டையில் இறங்காது.

இப்போது பூகம்பமும் காலை வாரிவிட்டது. "சரி, எல்லாரும் உட்காருங்க," என்று சொல்லிவிட்டு அவரும் போய் உட்கார்ந்து, மேஜையின் குறுக்குக்கட்டையில் பாதங்களை வைத்துக்கொண்டார். வகுப்பு சந்தைக்கடை ஆனது. தடுக்க அவருக்குத் தெம்பில்லை.

அப்போது ஊசி ஆடியது. முதலில் ஒரு சின்ன நடுக்கம். பிறகு காகிதத்தில் மலையும் பள்ளமுமாக வரைந்து தள்ளியது.

"சார், பூகம்பம்," என்றாள் முதல் பெஞ்சுச் சிறுமி. எந்தச் செய்தியும் அவளிடமிருந்துதான் கிளம்பும் என்பதால் வகுப்பு அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தது.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கருவியையே பார்த்தார்கள். கதவு திறந்தது. தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார்.

"பரவாயில்லையே. இவ்வளவு அமைதியா இருக்கு," என்றார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார், போய்விட்டார். அவர் தூரம் போகப் போக ஊசியும் அடங்கியது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. "நாங்க நாப்பது பேர் குதிச்சும் ஆடல. பெரிய மேடம் ஒருத்தர் நடந்தாங்க, ஆடிடுச்சு."

"அப்படியெல்லாம் பேசக்கூடாது," என்று அதட்டினார் ஆசிரியர். ஆனால் அவர் மனசும் அதையேதான் சொன்னது. தலைமையாசிரியை கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. நடையிலும் ஓர் அழுத்தம் உண்டு.

மறுநாள் அதே கதை. அதற்கு மறுநாளும். ஊசி ஆடும், வகுப்பு கப்சிப் ஆகும், கதவு திறக்கும்.

ஒரு நாள் விளையாட்டு ஆசிரியர் சாக்பீஸ் கேட்டு வந்தார். தலைமையாசிரியையைப்போல இரண்டு மடங்கு ஆள். ஊசி அசையவே இல்லை. அறிவியல் ஆசிரியருக்கு அன்று முழுக்க அதே யோசனை. சாயங்காலத்துக்குள் விடை கிடைத்துவிட்டது. எடையில் இல்லை விஷயம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான அதிர்வு ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியையின் நடை அதோடு ஒத்துப்போகிறது. இதைத் தனியாக ஒரு பாடமாகவே எடுத்து, கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பிள்ளைகள் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு முறைதான் கருவி ஏமாற்றியது. அவர் நின்றபடி கரும்பலகையில் பூமியின் அடுக்குகளை வரைந்துகொண்டிருந்தார். வகுப்பில் காகித விமானம் பறந்துகொண்டிருந்தது. ஊசி சும்மா இருந்தது, தலைமையாசிரியை வந்தே விட்டார். விமானம் அவர் தோளில் போய் இறங்கியது. கருவியில் மை கட்டிவிட்டது என்று ஆசிரியர் புது ரீஃபில் மாற்றினார்.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. அவர் எழுந்தால் போதும்.

"சார், நீங்க எதுக்கு நிக்கிறீங்க? உட்காருங்க சார்."

"படத்தை நாங்க வரையறோம் சார். நீங்க உட்கார்ந்து சொன்னா போதும்."

ரேடியோ தன் வீட்டிலிருந்து ஒரு மெத்தைத் திண்டுகூடக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள்.

வீட்டில் இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. "என் மேல அந்தப் பிள்ளைங்களுக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா?"

"அதெல்லாம் சரிங்க," என்றாள் மனைவி, காபியை வைத்துக்கொண்டே. "உத்தரவு என்ன ஆச்சு? மேடத்துகிட்ட கேட்டீங்களா, இல்லையா?"

காபி டம்ளர் கடகடவென்று ஆடி, தட்டில் பாதி சிந்தியது.

"இந்த மேஜை ஒரு தொல்லை," என்று மனைவி ஓர் அட்டையை மடித்து மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள். அங்கே ஏற்கெனவே அட்டைகள் நிறைய இருந்தன.

அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை எழுந்து, "இந்தப் பள்ளிக்கூடத்துல நான் எப்பப் போனாலும் அமைதியா இருக்கிற வகுப்பு ஏழு பி ஒண்ணுதான்," என்று சொன்னார். அறிவியல் ஆசிரியருக்கு உச்சி குளிர்ந்தது. "சார், நாளைக்கு உங்க வகுப்புல வந்து உட்கார்றேன். எப்படிச் செய்றீங்கன்னு பாக்கணும். பிடிச்சிருந்தா உத்தரவையும் கையோட போட்டுடலாம்."



மறுநாள் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் முழுவதும் கேட்டார். எழுந்து மேஜையருகே வந்தவர், காகிதச் சுருளைக் கையில் எடுத்தார். அதில் அந்த வாரத்து மலைகள் எல்லாம் வரிசையாக நின்றன.

"என்ன சார் இது?"

நீங்கதான் மேடம் என்று யாரால் சொல்ல முடியும்? "நில அதிர்வு மேடம்," என்றார், எழுந்திருக்கவும் மறந்து.

"எந்த நிலம்?"

"இந்த... நம்ம நிலம்தான்."

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு அடியிலயா? தினமுமா?" தலைமையாசிரியையின் முகம் மாறியது. அவர் கண்டிப்பானவர்தான், ஆனால் ஒரு பிள்ளைக்கு முட்டி சிராய்த்தாலும் அன்று மதியம் சாப்பாடு இறங்காத மனுஷி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊசி மறுபடி ஆடத் தொடங்கியது. "இதோ, இப்பக்கூட."

"லாரி மேடம்," என்றார் ஆசிரியர் அவசரமாக. "ரோட்டுல போற லாரி. வேற ஒண்ணுமில்ல."

அத்தோடு போய்விடும் என்று நினைத்தார். தலைமையாசிரியை போக்குவரத்துக் காவலரிடம் பேசி, இரண்டே நாளில் அந்தத் தெருவில் பெரிய வண்டி எதுவும் நுழையாமல் செய்துவிட்டார். அதில் பள்ளிப் பேருந்தும் அடக்கம். பிள்ளைகள் தெருமுனையில் இறங்கி, பை சுமந்து நடந்து வந்தார்கள். பெற்றோர்கள் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள்.

"இப்ப எப்படி இருக்கு சார்?" என்று தலைமையாசிரியை பார்க்க வந்தார். ஊசி முன்னைவிட நன்றாக ஆடியது.

"தண்ணி மோட்டாரா இருக்கும் மேடம்."

மோட்டார் நிறுத்தப்பட்டது. மாடிக் குழாய்களில் தண்ணீர் நின்றது. விளையாட்டு ஆசிரியர் இரண்டு கையிலும் வாளி தூக்கி மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஏழு பி வாசலில் நின்று அறிவியல் ஆசிரியரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"இப்ப?" என்று வந்து கேட்டார் தலைமையாசிரியை. காகிதத்தில் புதிதாக ஒரு மலைத்தொடர்.

இனிமேல் பொய் சொன்னால் பள்ளிக்கூடத்தில் மின்சாரமும் மிஞ்சாது என்று ஆசிரியருக்குப் புரிந்தது. வேரிலேயே சரி செய்துவிட வேண்டியதுதான். மறுநாள் காலை, வீட்டு முன்னறையில் கிடந்த தடித்த கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு போய், வகுப்புக்கு வெளியே நடைபாதை நெடுகிலும் விரித்தார். அதிர்வு அதிலேயே அமுங்கிவிடும்.

தலைமையாசிரியை கம்பளத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எனக்காகவா சார்?"

"ஆமா மேடம்," என்றார் ஆசிரியர். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் அவர் சொன்ன உண்மை.

"இதெல்லாம் எதுக்கு," என்று சொல்லிக்கொண்டே அவர் கம்பளத்தின் நடுவில் ராணி மாதிரி நடந்து வந்தார். ஆசிரியர் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்தார். ஊசி காகிதத்தைத் தாண்டி மேஜையில் கோடு போட்டது.

"நீங்க உட்கார்ந்து பாருங்க மேடம்," என்று தவிப்போடு ஒரு பெஞ்சைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். அப்போதும் ஆடியது. உட்கார்ந்தாலுமா என்று ஆசிரியர் மலைத்துப் போனார்.

தலைமையாசிரியை எழுந்தார். "போதும் சார். இது லாரியும் இல்ல, மோட்டாரும் இல்ல. பிள்ளைங்க உயிரோட விளையாட முடியாது. இன்னிக்கே எல்லாரையும் கட்டடத்தை விட்டு வெளிய கொண்டுபோறேன். இன்ஜினியரை வரச் சொல்றேன்."

பள்ளிக்கூடம் மைதானத்துக்கு மாறியது. தேர்வு தள்ளிப்போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கணக்கு டீச்சர் ஒரு கையில் குடையும் மறுகையில் சாக்பீஸுமாக நின்றுகொண்டு பின்னங்கள் நடத்தினார். காற்று வந்து பின்னங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

"கம்பளம் எங்க?" என்றாள் மனைவி அன்று மாலை.

"பள்ளிக்கூடத்துல."

"அங்க என்ன பண்ணுது?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "நாளைக்கு அந்த இன்ஜினியர் உண்மையைக் கண்டுபிடிச்சா?"

"மேடத்துக்கு எல்லார் முன்னாடியும் அவமானம். என் வேலை போயிடும்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. அப்பவும் வேலை போயிடும்."

காபி முழுவதும் தட்டுக்கு வந்துவிட்டது. மனைவி அட்டை தேடிப் போனாள்.

மறுநாள் கட்டடப் பொறியாளர் வந்தார். ஒல்லியான, அவசரப்படாத மனிதர். தன் பெட்டியிலிருந்து என்னென்னவோ எடுத்துச் சுவரிலும் தூணிலும் வைத்துப் பார்த்தார், சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார். மத்தியானம் சொன்னார்: "கட்டடம் கல்லு மாதிரி இருக்கு மேடம். நிலத்துலயும் ஒரு குறையும் இல்ல. பிள்ளைங்களைத் தாராளமா உள்ள அனுப்புங்க."

"அப்ப இந்தக் கருவி ஏன் சார் ஆடுது?"

"அதைத்தான் பாக்கணும். அந்த வகுப்பை மட்டும் வழக்கம்போல உட்கார வைங்க."

ஏழு பி மைதானத்தைப் பிரிந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தது. ஆசிரியர் வாசலிலேயே நின்றார்.

"சார், உட்காருங்க சார்," என்றாள் ரேடியோ பழக்க தோஷத்தில். அவர் போய்த் திண்டின் மேல் உட்கார்ந்து, குறுக்குக்கட்டையில் பாதங்களை வைத்தார். பொறியாளர் காகிதத்தின் மேல் குனிந்தார்.

"ஒவ்வொருத்தரா நடைபாதையில நடங்க."

கணக்கு டீச்சர் நடந்தார். நேர்கோடு. விளையாட்டு ஆசிரியர் நடந்தார், ஓடினார், வாளிக் கோபத்தையெல்லாம் சேர்த்து இரண்டு முறை குதித்தார். நேர்கோடு.

"நானும் நடந்துடுறேன்," என்றார் தலைமையாசிரியை. அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

"நீங்க வேண்டாம் மேடம்," என்றார் ஆசிரியர். 

"ஏன், நான் மட்டும் என்ன ஒசத்தி?" அவர் நடைபாதையின் கோடிக்குப் போனார். சாவிக்கொத்து குலுங்கியது. நடந்து வர ஆரம்பித்தார்.

ஊசி வெறி பிடித்தாற்போல ஆடியது.

"மேடம், இன்னும் கொஞ்சம் மெதுவா நடங்க," என்று குரல் கொடுத்தார் பொறியாளர். மெதுவாக நடந்தார். அதிகமாக ஆடியது. "அங்கயே நில்லுங்க." நின்றார். ஆடியது. "நின்னாலும் ஆடுதே," என்று பொறியாளர் தனக்குள் சொல்லிக்கொண்டது அறை முழுவதும் கேட்டது.

விளையாட்டு ஆசிரியர் கூரையைப் பார்த்தார். கணக்கு டீச்சர் தன் செருப்பைப் பார்த்தார். தலைமையாசிரியை உள்ளே வந்து, அறிவியல் ஆசிரியருக்கு எதிரே நின்றார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சார்?"

ஆசிரியர் காகிதச் சுருளையே பார்த்தார். 

"அப்ப அந்த லாரி நான். மோட்டாரும் நான்." தலைமையாசிரியையின் குரல் தாழ்ந்திருந்தது. "கம்பளம் எனக்கு மரியாதை இல்ல."

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் மேடம்," என்றார் ஆசிரியர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வேலைக்காக மட்டுமல்ல, அந்த முகத்தைப் பார்க்க முடியாமலும்தான்.

தலைமையாசிரியை கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ பின்னால் திரும்பினாள். கடைசி பெஞ்சு தலையாட்டியது. அவள் பெருமூச்சு விட்டுக் கையைத் தூக்கினாள்.

"மேடம், அது நீங்க இல்ல. சார் கால்."

எல்லோரும் குனிந்தார்கள். மேஜைக்கு அடியில், குறுக்குக்கட்டையின் மேல், அறிவியல் ஆசிரியரின் வலது கால் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவரும் குனிந்து, வேறு யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்தார்.

"கொஞ்சம் மன்னிக்கணும்," என்று பொறியாளர் அந்த முழங்காலைப் பிடித்து அழுத்தினார். ஊசி நின்றது. கையை எடுத்தார். ஆடியது.

"நிஜமாவே நான் இல்லையா?" என்றார் தலைமையாசிரியை.

"நீங்க குதிச்சாக்கூட ஆடாது மேடம்," என்றார் பொறியாளர்.

தலைமையாசிரியை பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பொறியாளர் கை மறுபடி முழங்காலை அழுத்தியிருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு முறை லேசாகக் குதித்தார். நேர்கோடு. இன்னொரு முறை, கொஞ்சம் தாராளமாகவே குதித்தார். அப்போதும் நேர்கோடு. திரும்பியபோது அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"ஏன் சார் இப்படிக் காலை ஆட்டறீங்க?"

"ஆட்டறதே எனக்குத் தெரியாது மேடம். உங்க சாவிச் சத்தம் கேட்டாலே வேலை போயிடுமோன்னு ஒரு பயம்." வீட்டு மேஜைக்கு அடியில் இருந்த அட்டைகள் அத்தனையும் அவர் நினைவுக்கு வந்தன.

"அவ்வளவுதானே?" தலைமையாசிரியை கோப்பைத் திறந்தார். அந்த மேஜையின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து ஆசிரியரின் காதருகே நன்றாகக் குலுக்கினார். பொறியாளர் கையை எடுத்த பிறகும் கால் அசையவில்லை. காகிதத்தில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. விளையாட்டு ஆசிரியர்கூடக் கை தட்டினார்.

ஏழு பி மட்டும் தட்டவில்லை. நாற்பது முகங்களும் சுருங்கிப் போயிருந்தன.

"உங்க சார் நிரந்தரம் ஆயிட்டாரு. சந்தோஷமில்லையா?" என்றார் தலைமையாசிரியை. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. "ஆமா, அந்தக் கால் விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"விமானம் உங்க தோள்ல இறங்குன அன்னிக்கே தெரியும் மேடம்," என்றாள் ரேடியோ.

"அப்ப ஏன் இத்தனை நாளா சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா ஆட்டறதை நிறுத்திடுவாரே மேடம்," என்றாள் அவள், திண்டை எடுத்துத் தன் பையில் அடைத்துக்கொண்டே. "அவரை உட்கார வைக்க நாங்க எவ்வளவு பாடுபட்டோம், நீங்க ஒரே கையெழுத்துல கெடுத்துட்டீங்க. இனிமே நீங்க வர்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?"